சிறையிலும் கற்ற சீன அறிஞர் சாங் தையான்

கல்வியின் பயன் ஒப்பித்தல் அன்று, காரணம் கேட்டல். நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இவ்வுண்மைக்குச் சான்றாக வாழ்ந்த ஒரு சீனப் பேரறிஞரின் வரலாற்றை நம் இளைஞர்கள்முன் வைக்கிறோம்.

சாங் தையான் 1869 ஆம் ஆண்டு செச்சியாங் மாகாணத்தில் பிறந்தார். ஹாங்சௌ நகரில் யூ யுவே என்னும் ஆசிரியரிடம் பழைய நூல்களை ஆழ்ந்து கற்றார். 1895 இல் சீனா ஜப்பானிடம் தோற்றது. மேலைநாட்டு அறிவே அறிவு என்னும் எண்ணம் கற்றோரிடையே வலுத்தது. ஹக்ஸ்லியின் பரிணாம நூலை 1898 இல் யென் ஃபூ சீனமொழியில் வெளியிட்டார். வலியவர் வாழ்வதும் மெலியவர் வீழ்வதும் இயற்கை நியதி என்று பலரும் பேசலாயினர்.

மஞ்சூப் பேரரசை எதிர்த்து எழுதியமைக்காக 1903 இல் ஷாங்காய் நகரில் சாங் தையான் சிறைப்பட்டார். மூன்றாண்டுச் சிறையில் காலையும் இரவும் பௌத்த யோகாசார நூல்களை ஓதினார். உடன் சிறைப்பட்ட சௌ ரோங் என்னும் இளைஞருக்குத் துயர் தணியும் பொருட்டு நியாயப் பிரவேசம் என்னும் அளவை நூலைக் கற்பித்தார். அவ்விளைஞர் 1905 இல் சிறையிலேயே மாண்டார்.

அந்நூல் நமக்கு அந்நியமானதன்று. அதன் ஆசிரியர் சங்கரசுவாமி, திந்நாகரின் வழிவந்தவர். திந்நாகர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. யுவான் சுவாங் 647 இல் அந்நூலைச் சீனமொழியில் பெயர்த்தார். அதனோடு நெருங்கிய அளவைக் கருத்துகளை மணிமேகலையின் 29 ஆம் காதையிலும் காண்கிறோம்.

1906 இல் விடுதலையாகித் தோக்கியோ சென்ற சாங் தையான், புரட்சி இதழை நடத்தியதோடு மாணவர்க்குப் பாடமும் சொன்னார். எழுத்தாளர் லூ சுன் அம்மாணவருள் ஒருவர். 1910 இல் வெளியான நூலில் கிரேக்கம், இந்தியம், சீன மோகியம் ஆகிய மூவகை அளவைகளையும் ஒப்பிட்டார். கிரேக்க முறை பொதுவிதியை முதலில் கூறி முடிவுக்கு வரும். பௌத்த முறையோ முடிவை முதலில் வைத்துக் காரணம் காட்டி, எடுத்துக்காட்டும் தரும். மலையில் நெருப்பு உண்டு, புகை இருத்தலால், அடுக்களை போல. நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை, நீர்நிலை போல. கண்முன் காட்டத்தக்க சான்று கேட்பதனால் பௌத்த முறையே சிறந்தது என்று அவர் கருதினார்.

மேலைக் கருத்துகளையும் அவர் சான்று கேட்டே ஆராய்ந்தார். முன்னேற்றத்தில் நன்மை வளரும்போது தீமையும் உடன் வளர்கிறது என்று 1906 இல் எழுதினார். பொதுநியதி, முன்னேற்றம், பொருள்முதல்வாதம், இயற்கை ஆகிய நான்கின் பெயராலும் மக்கள் மயங்குவதை 1908 இல் எடுத்துரைத்தார். பிறரை நாகரிகப்படுத்துவதாகக் கூறி அடிமைப்படுத்துவதைப் பின்னர்க் கண்டித்தார்.

அவரிடமும் குறை உண்டு. மஞ்சூ இனத்தாரை இழித்து எழுதிய அவருடைய சொற்கள் சமத்துவத்திற்கு ஒவ்வாதவை. குடியரசு மலர்ந்த பின்னரும் யுவான் ஷிகாய் 1916 வரை அவரைக் காவலில் வைத்தார். 1936 இல் சூசௌ நகரில் அவர் மறைந்தார்.

இளைஞர்களே! பிறப்பால் உயர்வு தாழ்வு இயற்கை என்போர் இன்றும் உளர். காரணம் யாது, எடுத்துக்காட்டு யாது என்று அவர்களைக் கேளுங்கள். நம் கருத்துகளையும் அவ்வாறே கேட்டுத் தெளியுங்கள். அவ்வாறு கேட்கும் துணிவே இச்சங்கம் உங்களுக்குத் தர விழையும் செல்வம்.