டாக்டர் டோனோவனும் சென்னைத் தெருநாய்களும்

குற்றம் சாட்டுவது எளிது, நிரூபிப்பது அரிது. நியாய ஸ்தலத்தில் நாம் நாள்தோறும் காணும் இவ்வுண்மை வைத்திய சாஸ்திரத்துக்கும் பொருந்தும். நாயிடமிருந்து மனிதனுக்கு வரும் மறைவான நோய்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், நாயினத்தையே ஒழித்துவிட வேண்டுமென்பார் ஒரு சாரார். நாயினால் தீங்கே இல்லை என்பார் மற்றொரு சாரார். சாட்சியத்தைப் பார்ப்போர் சிலரே. அவ்விதம் பார்த்த ஒருவருடைய சரித்திரத்தை இன்று நமது நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

சார்லஸ் டோனோவன் 1863-ம் வருஷம் கல்கத்தாவில் பிறந்தவர், ஐரிஷ் வம்சத்தினர். தந்தையார் இந்தியாவில் நீதிபதியாக இருந்தவர். டோனோவன் இளமையிலேயே அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே வைத்தியம் கற்றுத் தேறினார். 1891-ல் இந்திய மெடிகல் ஸர்வீஸில் சேர்ந்து, 1898-ல் சென்னை வைத்தியக் கல்லூரியில் ஆசிரியரானார்.

அந்நாளில் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளில் சிலருக்குக் காய்ச்சல் மாதக்கணக்கில் விடாது. மண்ணீரல் வீங்கும், உடல் வற்றும். மலேரியா என்று கருதிக் கொயினா கொடுத்தாலும் பயனிராது. இதுவே காலா-அசார் என்னும் கருங்காய்ச்சல். 1903-ம் வருஷம் ஏப்ரலில், இறந்த நோயாளி ஒருவரின் மண்ணீரலில் டோனோவன் சில நுண்ணிய உருவங்களைக் கண்டார். உயிர் நீங்கிய பின் உண்டான மாறுதலோ என்ற ஐயத்துக்கு அங்கே இடமிருந்தது. மே 30-ம் தேதி, லீஷ்மன் என்னும் ராணுவ வைத்தியர், டம்டமில் நோயுற்று இங்கிலாந்தில் இறந்த சிப்பாய் ஒருவனிடம் இத்தகைய உருவங்களைக் கண்டதாகப் பிரசுரித்தார். ஜூன் 17-ம் தேதி டோனோவன் 12 வயதுச் சிறுவன் ஒருவனுடைய மண்ணீரலில் ஊசி செலுத்தி இரத்தம் எடுத்துச் சோதித்தார். உயிருள்ள உடலிலேயே அவ்வுருவங்கள் இருந்தன, ஐயம் தீர்ந்தது.

முந்திக் கண்டவர் யார் என்ற விவாதம் எழுந்தபோது, ரொனால்ட் ராஸ் இருவருக்கும் பங்களித்து அக்கிருமிக்கு லீஷ்மானியா டோனோவானி என்று பெயரிட்டார். ஊசிக்கு உடலைக் கொடுத்த சென்னைச் சிறுவனுக்கு அப்பெயரில் பங்கில்லை. இதை நாம் மறக்கலாகாது.

கிருமி அகப்பட்டது, அது உறையும் இடம் எது? 1908-ல் டூனிஸ் நகரில் சார்லஸ் நிக்கோல் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி நாய்களிடம் இவ்வினக் கிருமியைக் கண்டார். மத்தியதரைக் கடலோரத்தில் குழந்தைகளைப் பீடிக்கும் இத்தகைய காய்ச்சலுக்கு நாயே உறைவிடம் என்பது பின்னர் உறுதியாயிற்று. அங்கே குற்றவாளியாயிருந்தால் இங்கும் குற்றவாளிதானே என்று முடிவு கட்டுவது சுலபம். டோனோவன் அவ்விதம் செய்யவில்லை. சென்னை நாய்களையே பிடித்துச் சோதித்தார். மனிதரிடம் கண்ட கிருமி அவற்றிடம் அகப்படவில்லை. 1909-ல் லான்ஸெட் பத்திரிகையில் நாயையும் ஒருவகைப் பெரிய மூட்டைப்பூச்சியையும் பற்றி எழுதினார். மூட்டைப்பூச்சியின் மேல் அவர் கொண்ட சந்தேகம் நிரூபணமாகவில்லை. உண்மை 1942-ல் வெளியாயிற்று. ஷார்ட், ஆண்டர்ஸன் ஆகியோருடன் நம்மவரான ஸ்வாமிநாத்தும் சேர்ந்து, மணல் ஈ கடிப்பதாலேயே நோய் பரவுகிறது என்பதை, தாமாக முன்வந்த மனிதர்களைக் கொண்டு நிலைநாட்டினர். இந்தியாவில் இந்நோய் மனிதரிடமிருந்தே மணல் ஈ வழியாக மனிதருக்குச் செல்கிறது. சென்னை நாய் இவ்வழக்கில் நிரபராதி.

டோனோவன் இராயப்பேட்டை ஆஸ்பத்திரியின் மேலதிகாரியாகவும் இருந்து, 1919-ல் ஓய்வு பெற்றார். இங்கிலாந்து சென்று வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சியில் ஈடுபட்டு, 1951-ல் காலமானார்.

ஒரு வழக்கில் விடுதலை பெற்றவர் எல்லா வழக்கிலும் விடுதலை பெற்றவராகார். நாயின் குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டைகள் மண்ணில் கலந்து, மண்ணளையும் குழந்தைகளின் வயிற்றிற் புகுந்து, ஈரலையும் கண்ணையும் கெடுக்கக் கூடும். ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் உள்ள நீர்க்கட்டிகளை நாய் தின்றால், அதன் குடலில் சிறு நாடாப்புழுக்கள் வளர்கின்றன. அவற்றின் முட்டை மனிதன் வயிற்றை அடைந்தால், வலியோ குறியோ இன்றிப் பல வருஷம் ஈரலில் கட்டியாகப் பெருகும். வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய ஊர்கள் தோல் தொழிலால் வாழ்பவை. ஆடு மாடு அறுக்கப்படும் இடங்களில் கட்டியுள்ள ஈரலை நாய்க்கு வீசுவது எத்தகைய தீங்கு என்பதை இவ்வூரார் முக்கியமாய் உணர வேண்டும்.

இதற்குப் பரிகாரம் தடியன்று. நாயொன்றைக் கொன்றால் அவ்விடத்துக்கு வேறொன்று வரும்; வீசிய ஈரல் அதற்கும் இரையாகும். கெட்ட உறுப்புக்களைப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். வளர்ப்பு நாய்க்குக் காலந்தவறாது பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். குழந்தைகள் கை கழுவி உண்ணப் பழக வேண்டும். ஊராட்சி மன்றங்களில் அமர்ந்துள்ள நண்பர்கள் தண்டனைத் தீர்மானம் கொண்டுவருமுன், டோனோவனைப் போல் முதலில் சோதனை நடத்துவார்களாக.