73 பென்னிக்கில் தொடங்கிய கம்பெனி: மெலிட்டா பென்ட்ஸின் கதை

போன லீவுல இன்டர்ன்ஷிப்புக்குக் கிடைத்த உதவித்தொகையில் வீட்டுக்கு ஒரு காபி மெஷின் வாங்கலாம்னு முடிவு பண்ணேன். எங்க வீடு வாலாஜாபேட்டையில். அப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷெட்டில் வேலை பார்க்கிறார். ஷிப்டுக்குப் போகும்போதும் டீ, வரும்போதும் டீ. அம்மாவும் டீதான். காபி குடிக்கிற ஆள் வீட்டிலேயே நான் ஒருத்தன், அதுவும் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை. பெரியம்மா ஊரிலிருந்து வந்தால் அவங்களுக்கும் சேர்த்து. பரணில் பாட்டி காலத்துப் பித்தளை ஃபில்டர் இருக்கு. ஆனா அது நாலு பேருக்கான சைஸ். ஒரு டம்ளருக்காக அதில் பொடி போட்டால் அடியில் ஒரு மெல்லிய படலம் மாதிரி பரவும், தண்ணி சும்மா ஓடி இறங்கிடும்.

ஆன்லைனில் தேடினால் மூணு வகை வந்தது. பம்ப் வைத்த எஸ்பிரெசோ மெஷின், கேப்சூல் போடுற மெஷின், சொட்டு சொட்டாக இறங்கும் டிரிப் மெஷின். மூணையும் ஒப்பிட்டு எக்செல் ஷீட் எல்லாம் போட்டு அம்மாகிட்ட காட்டினேன். அம்மா விலையைக் கேட்கலை, வாட்டேஜைக் கேட்கலை. இதை யார் கழுவுறது என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. என் ஷீட்டில் அந்தக் காலமே இல்லை.

அதே கேள்வியை 1908-லேயே ஒரு பெண் கேட்டிருக்கிறார், பதிலையும் அவரே செய்து வைத்திருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவர் பெயர் மெலிட்டா பென்ட்ஸ். காபிக் கடைகளில் இன்றைக்கும் அவர் பெயர் ஒரு பிராண்டாக நிற்கிறது. பெயருக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. உங்களில் பலருக்கும் தெரிந்திருக்காது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் இருக்கும் டிரெஸ்டன் நகரில் 1873 ஜனவரி 31 அன்று பிறந்தார். பிறந்தபோது வைத்த முழுப் பெயர் அமாலி ஆகஸ்ட் மெலிட்டா லீப்ஷர். அப்பா புத்தக வியாபாரி. ஹியூகோ பென்ட்ஸ் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். வில்லி, ஹோர்ஸ்ட் என்று இரண்டு பையன்கள். 35 வயது வரை அவரைப் பற்றி ஊருக்குச் சொல்ல எதுவும் இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, சமையல், மதிய நேரத்தில் தோழிகளைக் கூப்பிட்டுக் காபி கொடுப்பது. எந்தப் பொறியியல் படிப்பும் கிடையாது.

அந்தக் காலத்து ஜெர்மன் வீட்டில் காபி போடுவது எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்தது புரியும். ஒரு வழி, பொடியை நேராகத் தண்ணியில் போட்டுக் கொதிக்க வைத்து, மண்டி அடியில் படிய விட்டு ஊற்றுவது. கடைசி வாய்க்கு மண்டி நிச்சயம். இன்னொன்று பெர்கொலேட்டர். கொதிக்கும் தண்ணி ஒரு குழாய் வழியாக மேலே ஏறி, பொடி மேல் விழுந்து, கீழே இறங்கி, திரும்பவும் மேலே ஏறும். ஏற்கெனவே காபியாகிவிட்ட தண்ணியே மறுபடி மறுபடி அதே பொடியில் ஓடுவதால் கசப்பு இழுத்துக்கொண்டு வரும். நம்ம பக்கத்தில் ஆவாரம் பட்டையை ஊற வைத்துத் தோல் பதனிட்ட பழைய ஆட்களிடம் கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதில்தான் சாறின் குணமே இருக்கிறது. மூன்றாவது வழி துணிப் பை. நம்ம டீக்கடை மாஸ்டர் கையில் இருக்குமே, அதே ஜாதி. சுவை பரவாயில்லை. ஆனால் துணியின் இழைகளில் பழைய பொடியும் எண்ணெயும் ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் கசக்கி அலசி, சரியாகக் காய வைக்காவிட்டால் அடுத்த காபியில் பழைய வாடை வரும். தினமும் நூறு டீ போடுகிற கடைக்கு இது பிரச்னையே இல்லை, பை காய நேரமே இருக்காது. எப்போதாவது போடுகிற வீட்டுக்குத்தான் பிரச்னை.

மெலிட்டாவின் எரிச்சல் ரெண்டு விஷயத்தில். கசப்பு ஒன்று, கழுவுவது ஒன்று. ஒரு நாள் ஒரு பித்தளைப் பாத்திரத்தை எடுத்து, ஆணியால் அடியில் ஓட்டை போட்டார். பையன் வில்லியின் பள்ளி நோட்டில் மை ஒற்றுவதற்காக வைத்திருந்த ஒற்றுத்தாளைக் கிழித்து, அளவாக வெட்டி உள்ளே போட்டார். அதன் மேல் காபிப் பொடி, அதன் மேல் வெந்நீர். கீழே வைத்த கோப்பையில் மண்டி இல்லாமல் தெளிவாகக் காபி இறங்கியது. முடிந்ததும் தாளைப் பொடியோடு சுருட்டித் தூக்கிப் போட்டார். கழுவ வேண்டியது ஓட்டை போட்ட பாத்திரம் ஒன்றுதான், அதையும் ஒரு அலசு அலசினால் போதும்.

இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று கேட்கலாம். கெமிஸ்ட்ரி லேபில் ஃபில்டர் பேப்பரை மடித்துப் புனலில் வைத்தவங்கதானே நாம எல்லாரும். ஆனால் ஒரே தாள் மூணு வேலையைப் பார்க்கிறது. தண்ணி ஒரே தடவைதான் பொடி வழியாகப் போகிறது, தன் எடையிலேயே, சில நிமிடத்தில். அதனால் கசப்பு இழுபடுவதில்லை. ரெண்டாவது, பொடித் துகளோடு காபியின் எண்ணெய்ப் பசையையும் தாள் பிடித்துக்கொள்கிறது. கொலஸ்ட்ராலை ஏற்றுகிற கஃபெஸ்டால் என்ற பொருள் அந்த எண்ணெயில்தான் இருக்கிறது என்பதெல்லாம் பிற்காலத்தில் தெரிந்த விஷயம், மெலிட்டாவுக்குத் தெரியாது. மூணாவது, வடிகட்டி தினமும் புதுசு.

1908 ஜூன் 20 அன்று பெர்லினில் இருந்த பேரரசுக் காப்புரிமை அலுவலகத்தில் தன் வடிகட்டியைப் பதிவு செய்தார். ஐ.பி.ஆர். பேப்பர் எழுதினவங்களுக்கு ஒரு குறிப்பு: அவர் வாங்கியது முழு பேட்டன்ட் அல்ல. சிறிய, நடைமுறை மேம்பாடுகளுக்கு ஜெர்மனியில் கொடுக்கும் யூட்டிலிட்டி மாடல் என்ற பதிவு. இந்தியாவில் இன்று வரை அப்படி ஒரு வகையே கிடையாது. அவர் பதிவு செய்த பாத்திரத்தின் அடி சற்று வளைந்திருக்கும், ஓட்டைகள் நேராக இல்லாமல் சாய்வாக இருக்கும். ஆணியடித்த பாத்திரத்துக்கும் பதிவு செய்த வடிவத்துக்கும் நடுவே எத்தனை தடவை ஊற்றிப் பார்த்திருப்பார் என்று யோசித்தால் நம்ம மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று கம்பெனியும் பதிவானது. முதலீடு 73 பென்னிக். 100 பென்னிக் சேர்ந்தால்தான் ஒரு மார்க், அப்படியென்றால் ஒரு மார்க்குக்கும் குறைவு. இடம், அவர்கள் குடியிருந்த வீட்டிலேயே ஒரு அறை. பாத்திரங்களைத் தகர வேலை செய்பவரிடம் கொடுத்துச் செய்ய வைத்தார்கள். ஹியூகோ அதைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் செய்து காட்டி விற்றார். பையன்கள் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் டெலிவரி செய்தார்கள். 1909-இல் லைப்சிக் வணிகச் சந்தையில் கடை போட்டபோது 1,200 வடிகட்டிகள் விற்றன. பதக்கங்களும் வந்தன. 1911-இல் ஹெர்ட்டா என்ற மகள் பிறந்தாள்.

எல்லாம் ஓடத் தொடங்கிய நேரத்தில் 1914 வந்தது. போர் என்றால் முதலில் போவது உலோகம். ஜெப்பலின் வான்கப்பல்கள் செய்ய அரசு உலோகத்தை எடுத்துக்கொண்டது. அடுத்தது தாள், ரேஷன் போட்டார்கள். கடைசியில் காபிக்கொட்டையே வரவில்லை, கடல் வழியைப் பிரிட்டன் மறித்துவிட்டது. பாத்திரம், தாள், கொட்டை மூன்றும் இல்லாத ஒரு காபி வடிகட்டிக் கம்பெனியை நினைத்துப் பாருங்கள். போதாததற்கு ஹியூகோவைப் படையில் சேர்த்து ருமேனியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மெலிட்டா அட்டைப் பெட்டிகள் விற்றுக் குடும்பத்தை ஓட்டினார். இந்த வருடங்களைப் பற்றிப் படிக்கும்போது எல்லாரும் ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. கொரோனா காலத்தில் ஷெட் மூடியிருந்தபோது எங்க வீடு எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியும்.

போர் முடிந்து வியாபாரம் திரும்ப எழுந்தது. நன்றாக விற்றால் போலி வரும், அங்கேயும் வந்தது. 1925 முதல் சிவப்பும் பச்சையுமான பொட்டலம், அதன் மேல் அவர் பெயர். இன்றைக்கும் அந்த நிறங்கள்தான். 1928-இல் 80 தொழிலாளர்கள் இரண்டு ஷிப்டில் வேலை செய்தும் ஆர்டரைச் சமாளிக்க முடியவில்லை. டிரெஸ்டனில் தோதான இடம் கிடைக்காமல் 1929-இல் கம்பெனியை மிண்டன் நகருக்கு மாற்றினார்கள்.

வேலையாட்கள் விஷயத்தில் மெலிட்டா அந்தக் காலத்துக்கு முந்திப் போனவர். கிறிஸ்துமஸ் போனஸ் கொடுத்தார். ஆண்டு விடுமுறையை 6 நாளிலிருந்து 15 நாளாக்கினார். வாரத்துக்கு 5 நாள் வேலை என்பதைக் கொண்டுவந்தார். 1932-இல் கம்பெனியின் பெரும்பங்கை மகன்கள் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, தொழிலாளர் நலனை மட்டும் தொடர்ந்து கவனித்து வந்தார்.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் நாஜி ஆட்சியில் இந்தக் கம்பெனியும் போருக்கான பொருள்கள் செய்தது, கட்டாயத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கியது. அப்போது நிர்வாகம் மகன் கையில். 15 நாள் லீவு கொடுத்த அதே வாசலில் இதுவும் நடந்தது. ரெண்டையும் எழுதாமல் அவர் வாழ்க்கையை எழுதினால் பாதிதான் எழுதியதாக ஆகும்.

கூம்பு வடிவம் வந்தது 1930களில்தான். அதுவரை வடிகட்டியின் அடி தட்டை. என் பார்வையில், எப்போதாவது காபி குடிப்பவனுக்கு அந்தக் கம்பெனி செய்த பெரிய உதவி இந்த மாற்றம். தட்டையான அடியில் ஒரு கரண்டிப் பொடி போட்டால் பரவி மெல்லியதாகிவிடும், எங்க பாட்டி ஃபில்டரில் ஆன மாதிரி. அதே ஒரு கரண்டி, கூம்பின் நுனியில் ஒன்றாகக் குவிந்து ஆழமாக நிற்கும். தண்ணி அந்த ஆழத்தைக் கடந்து வர நேரம் எடுக்கும், சாறு இறங்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் டார்சி விதி படிச்சவங்களுக்கு இதுக்கு மேல் சொல்ல வேண்டாம்.

இரண்டாம் போர் முடிந்த பிறகு ஆலையின் பெரும்பகுதி நேச நாட்டுப் படைகளின் நிர்வாகத்துக்குப் போய்விட்டது. 1948 வாக்கில் வடிகட்டியும் தாளும் மறுபடி தயாராகத் தொடங்கின. 1950 ஜூன் 29 அன்று, மிண்டனுக்குப் பக்கத்தில் ஹோல்ஸ்ஹவுசன் என்ற ஊரில், 77-ஆவது வயதில் மெலிட்டா இறந்தார். அவர் இறந்து நாலு வருடம் கழித்து, 1954-இல், விகோமாட் என்ற முதல் மின்சார டிரிப் மெஷின் ஜெர்மனியிலேயே வந்தது. இன்று நாம் வாங்கும் டிரிப் மெஷின் எல்லாம் அதன் வாரிசுகள். அதற்குள் இருக்கும் மின்சாரம் செய்வது தண்ணியைச் சுட வைத்து மேலே ஏற்றி ஊற்றுவது மட்டும்தான். காபி போடுகிற வேலையைச் செய்வது அதே வடிகட்டியும் தாளும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு என் எக்செல் ஷீட்டை மறுபடி திறந்தேன். எஸ்பிரெசோ மெஷின் அடிபட்டது. எங்க தெரு போர் தண்ணியில் வாட்டர் ஹீட்டர் காயிலே வெள்ளையாகப் பொரிந்து போகுது. அந்தத் தண்ணி மெல்லிய குழாயிலும் பம்பிலும் ஓடினால், வாரத்துக்கு ரெண்டு காபிக்காக மாசத்துக்கு ஒரு தடவை உப்பு நீக்கிக்கொண்டு இருக்கணும். பால் நுரைக்கிற குழாயை ஒவ்வொரு தடவையும் உடனே துடைக்கணும். கேப்சூலில் கழுவுற வேலை இல்லை, ஆனா ஒவ்வொரு கப்புக்கும் ஒரு குப்பை, அந்தக் கம்பெனி விற்கிறதைத்தான் குடிக்கணும். டிரிப் மெஷினில் வேண்டியது அடியில் இருக்கும் கூம்புதான். வெந்நீர் போட வீட்டில் கெட்டில் இருக்கு. அதனால கூம்பை மட்டும், ஒரு பாக்கெட் தாளோடு வாங்கினேன். 40 தாள், என் வேகத்துக்கு மூணு மாசம் தாண்டும். தினமும் நாலு பேர் குடிக்கிற வீடாக இருந்தால் தாள் செலவே கட்டுப்படியாகாது, பித்தளை ஃபில்டர்தான் சரி.

முதல் தடவை சொதப்பிட்டேன். வீட்டில் இருந்த சிக்கரி கலந்த பொடியைப் போட்டேன். சிக்கரி ஊறி உப்பித் தாளை அடைத்துவிட்டது. கால் மணி நேரம் ஆகியும் அரை டம்ளர்கூட இறங்கலை. அப்புறம் சிக்கரி இல்லாத பொடி, கொஞ்சம் பரும்பரும்பாக அரைத்தது, 50 கிராம் மட்டும் வாங்கினேன். எப்போதாவது குடிக்கிறவனுக்குக் கால் கிலோ பொடி வாங்கினால் பாதி பாக்கெட்டிலேயே மணம் போயிடும். பால் சேர்க்கணும்னா பொடி ஒரு கரண்டி கூட, தண்ணி பாதி. அப்பவும் டிகாஷன் அளவுக்குத் திக்காக வராது. பெரியம்மா ஒரு வாய் குடிச்சுட்டு, பரணில் இருக்கிற ஃபில்டரை இறக்கச் சொன்னாங்க. இறக்கினேன். அவங்க ஊருக்குப் போகிற வரைக்கும் அதைக் கழுவினது நான்தான்.