அண்ணா பேர்ல ஒரு ஆஸ்பத்திரி

காஞ்சிபுரம்னா உங்களுக்குப் பட்டும் கோயிலும்தான் முதல்ல ஞாபகம் வரும். காரப்பேட்டை பக்கம் போயிருந்தா இன்னொன்னையும் பார்த்திருப்பீங்க: அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. அந்தப் பேர் ஏன்னு யோசிச்சிருக்கீங்களா?

சி.என். அண்ணாதுரை 1909 செப்டம்பர் 15 அன்று இதே ஊரில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப்படிப்புக்கு நடுவுல, வீட்டுக் கஷ்டத்துக்காக நகராட்சியில் கிளார்க் வேலை பார்த்தார். அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. வரை படிச்சார். 1942-ல் காஞ்சியிலிருந்து ‘திராவிட நாடு’ இதழ், 1949-ல் தி.மு.க. 1962 தேர்தலில் சொந்த ஊர்லயே தோற்றவர், 1967 மார்ச்சில் முதலமைச்சர் ஆனார்.

1968-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய் மாணவர்களோட பேசிட்டு வந்தார். அதே வருஷம் செப்டம்பரில் மறுபடி அமெரிக்கா போனது ஆபரேஷனுக்கு. உணவுக்குழாயில் புற்றுநோய். வெற்றிலையும் மூக்குப்பொடியும் அவரோட பழைய பழக்கம். புகையிலை இந்த நோய்க்கு ஒரு முக்கியக் காரணம். உள்ளுக்குள்ள வளர்ற கட்டியைக் கண்ணால பார்க்க முடியாது. அப்போ சி.டி. ஸ்கேனும் கிடையாது, முதல் நோயாளிக்கு அதை எடுத்ததே 1971-லதான். 1969 ஜனவரி 14-ல் மாநிலத்தின் பேர் தமிழ்நாடு ஆச்சு. அதுக்கு 20 நாள் கழிச்சு, பிப்ரவரி 3-ல் அண்ணா இறந்துட்டார். வயசு 59.

அவருக்கு வந்தது உள்ளே ஒளிஞ்சிருந்த கட்டி. ஆனா தோல்மேல, கண்ணுக்கு நேரா வளர்ற கட்டியைக்கூட நாம கவனிக்கிறதில்லையே! டெர்மடோஃபைப்ரோசார்கோமா புரோட்யூபரன்ஸ்னு ஒரு அபூர்வ நார்த்திசுப் புற்று இருக்கு. இளைஞர்களுக்கும் நடுவயசுக்காரங்களுக்கும்தான் அதிகம் வரும். வலிக்காது. தழும்பு மாதிரியே இருக்கும், வருஷக்கணக்கா மெதுவா வளரும். ஆபத்தில்லாத சாதாரண நார்க்கட்டியும் பார்க்க கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். வெறும் கண்ணால ரெண்டையும் பிரிக்கிறது கஷ்டம்.

அதனால ஒரு துண்டு எடுத்து பயாப்சி பண்ணுவாங்க. மைக்ராஸ்கோப்ல இந்தப் புற்றின் செல்கள் பாய் முடைஞ்ச மாதிரி தெரியும். சந்தேகம் தீர சிடி34 என்ற சாயச் சோதனையும் செய்வாங்க. இது உடம்பில் வேற இடத்துக்குப் பரவுறது குறைவு. ஆனா சுத்தி இருக்கிற தோலையும் சேர்த்து முழுசா எடுக்கலைன்னா அதே இடத்தில் திரும்ப வரும்.

உங்க தோளிலோ முதுகிலோ அடிபடாமலே ஒரு தழும்பு வந்து, அது பெருசாயிட்டே போகுதா? செமஸ்டர் முடியட்டும்னு தள்ளிப்போடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டிடுங்க.