தாழ்ந்தவர் அல்லர், தாழ்த்தப்பட்டவர்: அயோத்திதாசப் பண்டிதர் வாழ்வு

பிழைப்பு நாடி ஊர்விட்டு வருபவன் வீட்டையும் காட்டையும் விட்டு வருகின்றான். ஊரார் தன்மீது சுமத்திய பெயரை மட்டும் அவனால் எளிதில் விட்டு வர இயலுவதில்லை. 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலைத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களினின்று வந்து குடியேறிய நம் முன்னோருள் மிகப் பலர் அத்தகைய பெயரைச் சுமந்து வந்தவர்களே. அச்சுமையை இறக்கி வைக்க அவர்களுக்கு வழிகாட்டிய சான்றோருள் தலையாயவர் அயோத்திதாசப் பண்டிதர். நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் அன்னாரின் வாழ்வைச் சுருங்க நினைவுகூர்வதைக் கடமையாகக் கருதுகின்றோம்.

பண்டிதர் 1845-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய அயோத்திதாசக் கவிராசப் பண்டிதர்மீது கொண்ட பேரன்பினால் ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். தமிழ் இலக்கியத்தையும் சித்த மருத்துவத்தையும் ஐயந்திரிபறக் கற்றார். வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றார். தம் பாட்டனார் கந்தப்பன் வாயிலாகவே திருக்குறள் ஏட்டுச்சுவடி எல்லீசு துரையின் கைக்குச் சேர்ந்ததென அவர் எழுதி வைத்துள்ளார். ஏடும் மருந்தும் பரம்பரையாக விளங்கிய குடும்பத்தில் பிறந்தவரையும் உலகம் தாழ்ந்தவர் என்றே அழைத்தது. அஃது ஏன் என்னும் வினாவே அவர் வாழ்நாள் முழுமையும் ஆராய்ந்த வினாவாயிற்று.

இக்காலத்துச் சமுதாய உளவியலார் ஓர் உண்மையை வற்புறுத்துவர். பிறருடைய நிலைக்குக் காரணம் தேடும்போது மாந்தர் மனம் சூழ்நிலையை மறந்து, அவருடைய இயல்பின்மீதே பழியைப் போடுகின்றது. சுரங்கத்தினின்று ஏறிவரும் தொழிலாளியின் ஆடையில் அழுக்கைக் கண்டவுடன் அவனைத் தூய்மையற்றவன் என்று முடிவு கட்டுவதை இதற்குச் சான்றாகக் கூறலாம். அழுக்கு பாறையினுடையது, பழியோ அவன்மீது! இப்பிழைக்கு அமெரிக்க அறிஞர் லீ ராஸ் 1977-இல் பெயரிட்டு விளக்கினார். ஆனால் அவருக்கு நெடுங்காலம் முன்னரே பண்டிதர், தம் மக்கள் இயல்பாகத் தாழ்ந்தவர் அல்லர், பிறரால் தாழ்த்தப்பட்டவர் என்று நிலைநாட்ட முனைந்தார். இரு சொற்களுக்கும் ஒலியளவில் வேறுபாடு சிறிது; பொருளளவிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. முன்னது ஒருவனை நாணச் செய்வது. பின்னது அவனை எழச் செய்வது.

இக்கொள்கையை அவர் ஏட்டளவில் நிறுத்தினாரல்லர். 1881-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது தம் மக்களைப் பூர்வத் தமிழர் எனப் பதிவு செய்யுமாறு வேண்டினார். 1891-இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டி, இழிபெயரிட்டு அழைப்போரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டுமென்றும், கல்வியும் அரசுப் பணியும் வேண்டுமென்றும் தீர்மானங்கள் நிறைவேற்றினார். அடுத்த ஆண்டு சென்னையில் கூடிய மகாஜன சபைக் கூட்டத்தில் ஆலய நுழைவு உரிமையைக் கேட்டபோது அவைக்கண் எதிர்ப்பே எழுந்தது. அவர் மனம் தளர்ந்தாரல்லர். பள்ளிக்கூடமும் தரிசு நிலமுமேனும் தருக என்று கேட்டார். தாழ்வு இயல்பினால் வந்ததாயின் பள்ளியும் நிலமும் அதனைப் போக்கமாட்டா. சூழ்நிலையால் வந்ததாயின் அவையே போக்கும். அவருடைய கோரிக்கை அவருடைய கொள்கையினின்றே பிறந்தது.

1898-இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று பௌத்த நெறியைத் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். தம் மக்கள் முற்காலத்தில் சாதிபேதமற்ற பௌத்தராய் விளங்கியோர் என்பது அவர் கண்ட வரலாறு. 1907-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19-ஆம் நாள், புதன்கிழமை, இராயப்பேட்டையினின்று ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே விலையைக் குறிக்கும் முற்பகுதி நீங்கி, அது ‘தமிழன்’ என்றே நிலைபெற்றது. 1914-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள், தமது அறுபத்தொன்பதாம் அகவையில் பண்டிதர் மறைந்தார்.

அவர் ஏற்றிய விளக்கு அணையாமல் காத்த ஊர்களுள் நம் தங்கவயல் முதன்மையானது. மாரிகுப்பத்தில் பௌத்த சங்கக் கிளை தழைத்தது. சித்தார்த்த புத்தகசாலை அவருடைய நூல்களை வெளியிட்டது. நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926-இல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்தே மீண்டும் நடத்தினார். பகலும் இரவும் மாறிமாறிப் பாறை உடைத்த கைகள் ஏடு புரட்டவும் கற்றன என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

எனினும் புகழ்ச்சி மட்டும் கூறி அமைவது வரலாறாகாது. பண்டிதரின் சொல்லாராய்ச்சி முடிவுகள் பலவற்றை இன்றைய அறிஞர் ஏற்பதில்லை. அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. தம் மக்களைத் தாழ்த்தப்பட்டவர் என்று நிறுவிய அவரே, வேறு சில எளிய வகுப்பாரை இயல்பாகவே தாழ்ந்தோர் எனப் பிரித்து எழுதினார். தமக்கு வேண்டிய நீதியை அவர்களுக்கு வழங்கத் தவறினார். ஹென்றி தாஜ்பெல் என்னும் அறிஞர் 1970-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் பள்ளிச் சிறுவரை அற்பக் காரணங்களால் இரு கூறாக்கிச் சோதனை செய்தார். முகம் காணாத நிலையிலும் அவர்கள் தம் கூட்டத்தார்க்கே மிகுதியாகப் பங்கிட்டனர். நாம், பிறர் என்னும் கோடு அத்துணை எளிதில் விழுகின்றது; பேரறிஞரையும் அது விட்டுவைப்பதில்லை. இக்குறையைக் கூறுவதால் பண்டிதரின் பெருமை குன்றாது. அவர் தந்த அளவுகோல் நேரானதாதலின் அவரையும் அதனாலேயே அளக்க இயலுகின்றது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கம் மூடப்பட்டது. வேலை இழந்த நம் மக்களையும் முயற்சியற்றோர் என்று பேசியவர்கள் உண்டு. அப்போது நம் நெஞ்சு கொதித்தது. சூழ்நிலையைப் பாருங்கள் என்று வாதிட்டோம். அவ்வாதத்தை நமக்காக மட்டும் வைத்துக்கொள்வோமாயின் பண்டிதர் இடறிய இடத்திலேயே நாமும் இடறுவோம். நம் தெருவைப் பெருக்க வருபவரையும், நமக்குப் பின் பிழைப்புத் தேடி வந்தவரையும் குறித்து நம் நாவில் தாழ்ந்தவர் என்னும் சொல் எழுமாயின், அதனைத் திருத்திக்கொள்வோமாக. அன்னாருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாகும்.