பறவைகளைத் தேடிய பயணம்

நுழையும்முன்

மரக்கிளையில் வந்தமரும் பறவைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவற்றின் பெயர் என்ன, அவை எங்கிருந்து வந்தன, ஏன் வந்தன என்று கேட்பவர் சிலரே. அவ்வாறு கேட்கத் தொடங்கி, மலை, காடு, கடற்கரை எனப் பல நிலங்களிலும் நடந்து விடை தேடியவர் சலீம் அலி. இந்தியாவின் பறவை மனிதர் என்று போற்றப்படும் அவருடைய வாழ்க்கையையும், கர்நாடகத்தில் அவர் ஆற்றிய பணியையும் இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் ஒரு கேள்வியும்

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மும்பையில் பிறந்தார். குடும்பத்தின் குழந்தைகளுள் அவரே கடைக்குட்டி. மிக இளம் வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். தாய்மாமனின் இல்லத்தில் வளர்ந்தார்.

சிறுவயதில் அவரிடம் விளையாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒருநாள் அதனால் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் காணப்பட்டது. வழக்கமான ஊர்க்குருவியிலிருந்து அது வேறுபட்டிருந்தது. அது எவ்வகைப் பறவை என்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. எனவே அதனை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு எடுத்துச் சென்றார். கழகத்தின் செயலர் மில்லார்டு, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த பறவைகளைக் காட்டினார்; நூல்களையும் கொடுத்து உதவினார். சிறுவனின் ஐயத்தை ஏளனம் செய்யாமல் மதித்த அந்தப் பெரியவரின் பண்பு, ஒரு வாழ்க்கையின் போக்கையே மாற்றியது.

வேலையும் வேலையின்மையும்

பள்ளிக் கல்வியை முடித்தபின், குடும்பத் தொழிலைக் கவனிக்கச் சலீம் அலி பர்மாவுக்குச் சென்றார். அங்கும் அவர் மனம் காட்டையும் பறவைகளையுமே நாடியது. நாடு திரும்பிய அவர், 1918இல் தெஹ்மினாவை மணந்தார். 1926இல் மும்பை அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளரானார். பார்வையாளர்களுக்கு உயிரினங்களைப் பற்றி விளக்குவது அவர் பணி. பின்னர் ஜெர்மனி சென்று, பெர்லினில் அறிஞர் ஸ்ட்ரெஸ்மானிடம் பறவையியல் கற்றார்.

1930இல் அவர் திரும்பி வந்தபோது, நிதிப் பற்றாக்குறையால் அவருடைய பணியிடம் நீக்கப்பட்டிருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் வேறு பதவியும் எளிதில் கிட்டவில்லை. மும்பைக்கு அருகிலுள்ள கிஹிம் என்னும் கடற்கரை ஊரில் தம் மனைவியுடன் குடியேறினார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதை நாள்தோறும் பொறுமையுடன் உற்றுநோக்கினார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது; பெண் குருவி வந்து பார்க்கிறது; அது ஏற்றுக்கொண்ட கூட்டையே ஆண் குருவி முழுமையாகக் கட்டி முடிக்கிறது; அதன்பின் அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. இவ்வுண்மைகளை அவர் கட்டுரையாக வெளியிட்டார். வேலையின்றிக் கழித்த அந்நாள்களே அவருக்குப் புகழைத் தேடித் தந்தன.

மலையும் காடும்

அக்காலத்தில் இந்தியாவின் பல பகுதிகளில் எந்தெந்தப் பறவைகள் வாழ்கின்றன என்பதற்கு முறையான பதிவு இல்லை. அப்பதிவை உருவாக்கச் சலீம் அலி முன்வந்தார். ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி ஆகிய சமஸ்தானங்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கள ஆய்வு மேற்கொண்டார். மூணாறு மலைப்பகுதியிலும், பெரியாற்றங்கரையில் உள்ள தட்டேக்காட்டிலும் தங்கிப் பறவைகளைக் கணக்கெடுத்தார். தெஹ்மினாவும் உடன் சென்று, கூடார வாழ்வின் இன்னல்களைப் பகிர்ந்துகொண்டார். அக்கால வழக்கப்படி ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுத் திரட்டியதும் உண்டு. ஆயினும் உயிருள்ள பறவை என்ன உண்கிறது, எங்கே கூடு கட்டுகிறது, எவ்வாறு வாழ்கிறது என்பனவற்றை அறிவதிலேயே அவர் பெரிதும் நாட்டம் கொண்டார்.

கர்நாடகத்தில் சலீம் அலி

1939ஆம் ஆண்டு சலீம் அலிக்குப் பெருந்துயரம் நேர்ந்தது. அறுவை சிகிச்சைக்குப்பின் தெஹ்மினா காலமானார். பயணங்களில் எல்லாம் துணைநின்றவரை இழந்த அவர், சோர்ந்து முடங்கிவிடவில்லை. மைசூர் சமஸ்தானத்தின் பறவைகளை ஆராயும் பணியை மேற்கொண்டார்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகள், பிளிகிரிரங்கன் மலை, காவிரிக்கரை என நிலங்கள் மாற மாறப் பறவைகளும் மாறுவதை அவர் பதிவு செய்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அருகே, காவிரியின் நடுவிலுள்ள சிறு தீவுகளில் கொக்கு, நாரை, நீர்க்காகம், கரண்டிவாயன் முதலிய பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. அவ்விடத்தின் அருமையை உணர்ந்த அவர், அதனைப் பாதுகாக்க வேண்டும் என்று மைசூர் அரசிடம் வலியுறுத்தினார். அரசும் ஏற்றுக்கொண்டு, 1940இல் அதனைச் சரணாலயமாக அறிவித்தது. பெங்களூரு மக்கள் இன்று விடுமுறை நாள்களில் சென்று கண்டு மகிழும் ரங்கனதிட்டு அதுவே. 2022இல் அது பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது.

அடுத்த ஆண்டிலேயே, 1941இல், இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களும் எளிய விளக்கங்களும் கொண்ட அந்நூல், அறிஞர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த பறவையியலைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது.

கடற்கரையில் வளையங்கள்

1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்திலுள்ள கியாசனூர் காட்டுப் பகுதியில் குரங்குகள் மடிந்தன. மக்களும் கடுங்காய்ச்சலால் துன்புற்றனர். சைபீரியாவில் காணப்படும் ஒரு நோய்க்கிருமியை இந்நோயின் கிருமி ஒத்திருந்தது. ஆகவே வடக்கிலிருந்து வரும் பறவைகளின் உடலில் ஒட்டிய உண்ணிகள் நோயைக் கொண்டுவந்திருக்கலாம் என்று ஐயம் எழுந்தது. இவ்வையத்தை ஆராய, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்கு வளையமிடும் பணியைத் தொடங்கியது. சலீம் அலி அதற்குத் தலைமை தாங்கினார்.

பறவையைக் காயமின்றி வலையில் பிடித்து, எண் பொறித்த மெல்லிய வளையத்தைக் காலில் அணிவித்துப் பறக்கவிடுவர். வேறோரிடத்தில் அப்பறவை அகப்பட்டால், அது கடந்துவந்த தொலைவு புலப்படும். தமிழ்நாட்டின் கோடிக்கரையிலும் கழகத்தினர் பல ஆண்டுகள் இப்பணியைச் செய்தனர். பூநாரைகளும் உள்ளான்களும் திரளும் அக்கடற்கரை, 1967இல் சரணாலயமாயிற்று. பறவைகளின் வலசைப் பாதைகள் பற்றிய நம் அறிவும் வளர்ந்தது.

ஓயாத உழைப்பு

தம் எழுபது வயதைக் கடந்த பின்னரும் சலீம் அலி ஓய்வை நாடவில்லை. அமெரிக்க அறிஞர் தில்லன் ரிப்ளியுடன் இணைந்து, இந்தியத் துணைக்கண்டப் பறவைகளைப் பற்றிய பத்துத் தொகுதிகளை 1968 முதல் 1974 வரை வெளியிட்டார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டம் எழுந்தபோது, அக்காட்டைக் காக்கக் குரல் கொடுத்தார். நடுவண் அரசு 1958இல் பத்மபூஷண் விருதையும், 1976இல் பத்மவிபூஷண் விருதையும் வழங்கி அவரைச் சிறப்பித்தது. 1985இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். 1987இல், தம் தொண்ணூறாம் வயதில், மும்பையில் இயற்கை எய்தினார்.

அவர் நடந்த தட்டேக்காட்டுக் காடு இன்று அவர் பெயரால் அமைந்த சரணாலயம். கோயம்புத்தூருக்கு அருகே ஆனைகட்டியில் உள்ள பறவையியல் ஆய்வு மையமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஓரிடத்தில் என்ன வாழ்கிறது என்று அறிந்தால்தான் அதனைக் காக்க இயலும். கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்த சலீம் அலியின் குறிப்பேடுகள் நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.

சொற்பொருள்

கள ஆய்வு – நேரில் சென்று ஆராய்தல்
இன்னல் – துன்பம்
வலசை – பருவத்திற்கேற்ப இடம்பெயர்தல்
நாட்டம் – விருப்பம்

சிந்தித்து விடை எழுதுக

1. மில்லார்டு சிறுவன் சலீம் அலிக்கு எவ்வாறு உதவினார்?
2. வேலை இழந்த காலத்தைச் சலீம் அலி எவ்வாறு பயன்படுத்தினார்?
3. ரங்கனதிட்டு சரணாலயமான வரலாற்றை எழுதுக.
4. பறவைகளுக்கு வளையமிடுவதன் பயன் யாது?

செயல்பாடு

உங்கள் வீட்டிற்கு அருகிலுள்ள பூங்கா அல்லது ஏரிக்குப் பெரியவர் ஒருவருடன் செல்க. ஒரே இடத்தில் அரைமணி நேரம் அமைதியாக அமர்ந்து, காணும் பறவைகளின் நிறம், அலகு, ஒலி, உணவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வகுப்பறையில் பகிர்க.