அரக்குக்கு மாற்றுத் தேடிய லியோ பேக்லாண்ட்

மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுத் தம்பிகள் கேட்டார்கள். மின்காப்புப் பொருள்களோடு முப்பது வருஷம் காலம் தள்ளிய எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் லியோ பேக்லாண்ட். பேக்லைட் சுவிட்சைத் தொடாத கை நம்மில் ஏது?

பெல்ஜியம் நாட்டின் கெண்ட் நகரில் 1863 நவம்பர் 14-ல் பிறந்தார். அப்பா செருப்புத் தைக்கும் தொழிலாளி. அம்மா வீட்டு வேலை செய்தவர். பையன் படிப்பில் கெட்டி. உதவித்தொகையில் படித்து 21 வயதிலேயே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். 1889-ல் தம் பேராசிரியரின் மகள் செலினை மணந்து அமெரிக்கா போனவர், அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய வெலாக்ஸ் புகைப்படத் தாளை 1899-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் பெரும் விலை கொடுத்து வாங்கினார். அந்தப் பணத்தில் உட்கார்ந்தே சாப்பிட்டிருக்கலாம். மனுஷர் வீட்டிலேயே ஆய்வுக்கூடம் போட்டார்.

மின்சாரம் பரவத் தொடங்கிய நேரம் அது. காப்புக்கு அரக்குதான். அதுவும் பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து போனது. மரக்கிளையில் பூச்சி சுரப்பது எத்தனை நாளைக்குப் போதும்? அதற்கு மாற்றுச் செய்ய இறங்கினார் பேக்லாண்ட். பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்தால் ஒரு பிசின் வரும் என்று 1872-லேயே ஜெர்மனியின் பேயர் கண்டிருந்தார். ஆனால் அதில் பயன் காணாமல் விட்டுவிட்டார். பேக்லாண்ட் முதலில் செய்த செயற்கை அரக்கும் விலைபோகவில்லை. பிறகு, பிசின் நுரைத்துப் பொங்குவதை அழுத்தத்தால் அடக்கி, சூட்டில் இறுக வைத்தார். 1907-ல் பேக்லைட் பிறந்தது. 1909-ல் உலகுக்கு அறிவித்தார்.

வெறும் பேக்லைட் எளிதில் நொறுங்கும். மரத்தூள், மைக்கா, அஸ்பெஸ்டாஸ் என்று கலந்த பிறகுதான் அது ஊரெல்லாம் சுவிட்சும் பிளக்கும் ஆயிற்று. செவ்வாய்ப்பேட்டைக்காரனுக்கு இது புதுசல்ல. எங்கள் தெரு வெள்ளிப் பட்டறையில் அரக்கோடு செங்கல் தூள் கலந்துதான் பிடிமானம் ஏற்றுவார்கள். இந்தக் கலப்பு கலப்படம் இல்லை, பலம்.

1939-ல் கம்பெனியை யூனியன் கார்பைடுக்குக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்ற பேக்லாண்ட், 1944 பிப்ரவரி 23-ல் காலமானார்.

பின்னால் வந்த எப்பாக்சி ரெசினுக்கும் இதே கதைதான். மின்சாதனங்களில் வார்க்கும் எப்பாக்சியில் சிலிக்கா தூளை எடையில் பாதிக்கும் மேலாகவே போடுவதுண்டு. இப்போது வந்திருப்பது நானோ தூள். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கைவிடச் சிறியது. தூள் சிறுக்கச் சிறுக்க, அது ரெசினைத் தொடும் பரப்பு பெருகுகிறது. அதனால் எடையில் ஒரு சில சதவீதமே போதும். உள்ளே நுண்பொறிகள் அரித்துத் தின்பதை ரெசின் தாக்குப்பிடிக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து 2008-ல் வெளிவந்த ஆய்வில் ஒரு வியப்பு: சில நானோ கலவைகளின் மின்காப்பு மாறிலி, தூளே கலக்காத எப்பாக்சியைவிடக் குறைவாக இருந்தது.

ஆனால் தூள் சரியாகப் பரவாமல் கட்டி தட்டினாலோ, ஈரம் கோத்துக்கொண்டாலோ இருக்கிற பலமும் போய்விடும். காப்பு ஓரிடத்தில் உடைந்தால் போதும். பக்கத்தில் நிற்கிற தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து.

ஆகவே, ஆய்வகத்தில் நிற்கும் தம்பி தங்கைகளே, என்ன தூள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எப்படிக் கலந்தது என்றும் கேளுங்கள். பேயர் கையில் இருந்ததும் பேக்லாண்ட் கையில் இருந்ததும் அதே இரண்டு சரக்குதான். பக்குவம்தான் வேறு.