டாக்டருக்கு டிமிக்கி கொடுத்த துருவ நாயகன்: யார் இந்த ஷேக்கிள்டன்?

1909 ஜனவரி 9. தென் துருவத்துக்கு இன்னும் சுமார் 180 கி.மீ.தான் பாக்கி. அங்கே கால் வைத்தால் உலகிலேயே முதல் ஆள். ஆனால் எர்னஸ்ட் ஷேக்கிள்டன் திரும்பிவிட்டார். கையில் இருந்த சாப்பாட்டுக்கு, மேலே போனால் கூட வந்த மூவரும் பிழைக்க முடியாது.

மற்றவர்கள் உயிருக்கு இப்படிக் கணக்குப் பார்த்தவர், தன் இதயத்துக்கு மட்டும் பார்க்கவே இல்லை.

1874-ல் அயர்லாந்தில் பிறந்தவர். 1903-ல் ஸ்காட்டின் பயணத்தில் மூச்சுத் திணறி, உடல் நொந்து பாதியிலேயே ஊருக்கு அனுப்பப்பட்டார். அடுத்த பயணத்தில் டாக்டர் மார்ஷல், அவர் இதயத்தில் ஏதோ சத்தம் கேட்பதைக் கவனித்தார். ஆனாலும் ஸ்டெதஸ்கோப் என்றாலே ஷேக்கிள்டன் நழுவிவிடுவார்.

1915-ல் 'எண்டியூரன்ஸ்' கப்பலைப் பனிக்கட்டி நொறுக்கியது. சின்னப் படகில் ஐந்து பேருடன் 1,300 கி.மீ.க்கு மேல் கடலைக் கடந்து, தெற்கு ஜார்ஜியா தீவின் மலைகளையும் தாண்டி உதவி கொண்டுவந்தார். அந்தக் கப்பலில் இருந்த 28 பேரும் பிழைத்தார்கள்.

1921-ல் மறுபடி கிளம்பினார். ரியோ டி ஜெனிரோவில் மாரடைப்பு அறிகுறி. அப்பவும் பரிசோதனைக்குச் சம்மதிக்கவில்லை. 1922 ஜனவரி 5 அதிகாலை, அதே தெற்கு ஜார்ஜியாவில் மாரடைப்பில் இறந்தார். வயது 47.

பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருந்திருக்கலாம் என்பது பிற்கால டாக்டர்களின் கணிப்பு. ஊருக்குப் புறப்பட்ட உடல், மனைவி எமிலியின் விருப்பப்படி பாதி வழியில் திரும்பியது. தன் ஆட்களைக் காப்பாற்ற ஓடிவந்த அதே தீவில்தான் ஷேக்கிள்டன் தூங்குகிறார்.